பதினாலு லட்ச ரூபாய் கடிகாரம்

11-11-2024, திங்கள்

பாலம் வேலையால் பஸ் இன்றைக்கும் லேட். பேர்ணாம்பட்டு வந்து பஞ்ச் அடிக்கும்போது ஒன்பது பத்து. லேட்டாக வருகிறவர்களுக்கு மெமோ கொடுக்கிற எச்.ஆர். அசிஸ்டென்ட் நானே லேட். யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் தானிஷ் சாரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தானிஷ் சார் எங்கள் முதலாளி அப்துல் சமத் சாரின் மகன். போன மாதம் வெளிநாட்டில் சுவிஸ் வாட்ச் ஒன்று வாங்கியிருக்கிறார். பதினாலு லட்சம். நாங்கள் செய்வதே வாட்சுக்குத் தோல் வார்தான். தினம் இரண்டாயிரம் வார் பெட்டியில் போகிறது. ஆனால் லைனில் உட்காருகிற பெண்கள் ஒருத்தரும் வாட்ச் கட்டக்கூடாது, தோலில் கீறல் விழும். அந்த நோட்டீசை ஒட்டியதும் நான்தான்.

கையெழுத்து வாங்கப் போன இடத்தில் வாய் சும்மா இல்லாமல் கேட்டேன். "சார், அது அவ்ளோ கரெக்டா டைம் காட்டுமா?"

சிரித்தார். "ஒரு நாளைக்கு நாலு செகண்ட் ஃபாஸ்டா போகும் சங்கீதா. பேட்டரி கெடையாது, ஸ்பிரிங்." பிறகு சிரிப்பு போய்விட்டது. "ரெண்டு வருஷம் ஃபாரின் வாட்ச் எக்ஸிபிஷன்ல ஒவ்வொரு ஸ்டால் வாசல்லயும் நின்னேன். கை குடுக்கும்போது அவங்க நம்ம மூஞ்சிய பாக்கறதில்ல, மணிக்கட்டத்தான் பாக்கறாங்க. இத கட்டினு போனப்ப உட்கார வச்சு காபி குடுத்தாங்க. ரெண்டு கோடிக்கு ஆர்டர் வந்துச்சு. இப்ப சொல்லு, வெல ஜாஸ்தியா கம்மியா?"

கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். குடியாத்தம் வீட்டுக்கு வந்து என் கணவர் வசந்திடம் சொன்னேன். "தெனம் நாலு செகண்டு ஓடிப்போவுதா? என் தறி அப்டி ஓடினா லுங்கிய எவன் வாங்குவான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

13-11-2024, புதன்

வாட்ச் காணவில்லை.

மூன்று மணிக்கு தானிஷ் சார் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு சாம்பிள் ரூமுக்கு வந்திருக்கிறார். அதே நிறத்தில் ஒரு வார் செய்து பார்க்க வேண்டும். வாரின் ஓரத்துக்குச் சாயம் தீட்டுவதில் பிரிஸ்கில்லா அக்காதான். பத்தொன்பது வருஷக் கை. அக்கா வாட்சை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்து நிறம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறார். தானிஷ் சாரோ, சாம்பிள் ரூம் மேசை மேலேயே விட்டுவிட்டுப் போனதாகச் சொல்கிறார். ஆறு மணிக்குத்தான் தேடினார்.

கேட்டைப் பூட்டி எல்லார் பையையும் கொட்டிப் பார்த்தோம். சாப்பாட்டு டப்பா, ஜெபப் புத்தகம், மாத்திரை. வாட்ச் இல்லை.

14-11-2024, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

காலையில் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை கான்ஃபரன்ஸ் ரூமில் அக்காவை நிற்க வைத்தே கேட்டார்கள். அக்கா ஒரே பதிலைத்தான் சொன்னார். "கையில குடுத்தேன் சார். நீங்க கோட்டு பாக்கெட்ல போட்டீங்களா இன்னான்னு நான் பாக்கல. கையில குடுத்தேன்."

பிறகு தானிஷ் சார் என்னைப் பார்த்தார். "ஆபீஸ்ல லேடீஸ்னு நீதான இருக்கற. பாத்துடு."

பாத்ரூமுக்குக் கூட்டிப் போனேன். அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயசு. என்னை விடப் பதினாலு வயசு மூத்தவங்க. "மேடம், கதவ தாப்பா போட்டுக்குங்க" — அவ்வளவுதான் சொன்னாங்க. புடவைய அவங்களே அவுத்து என் கையில குடுத்தாங்க. நான் பாத்தேன். எல்லாம் பாத்தேன். ஒண்ணும் இல்ல. நான் ஏன் மாட்டேன்னு சொல்லல? எனக்கு இன்னா ஆயிருக்கும்? வேலை போயிருக்கும், அவ்ளோதானே.

லைன் சூப்பர்வைசர் கௌசரிடம் சாட்சிக் கையெழுத்து கேட்டார்கள். "நான் பாக்காதத எப்படி எழுதறது? அவ எடுக்கற ஆளும் இல்ல" என்று பேனாவை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் போட்டேன். போலீஸ் புகாரை டைப் செய்ததும் நான்தான். இன்ஷூரன்சுக்கு அது வேணுமாம். வாட்சின் சீரியல் நம்பரை கார்டு பார்த்து இரண்டு முறை சரிபார்த்தேன். சந்தேகத்துக்குரிய நபர் என்ற இடத்தில் அக்கா பெயர். இன்றைக்கே அக்காவை வேலையை விட்டும் எடுத்துவிட்டார்கள்.

15-11-2024, வெள்ளி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை கம்பெனி எச்.ஆர். எல்லாரும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் அக்காவின் போட்டோவைப் போடச் சொன்னார்கள். போட்டேன். பதினோரு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள்.

22-12-2024, ஞாயிறு

குடியாத்தம் மார்க்கெட்டில் கௌசரைப் பார்த்தேன். நான் கேட்காமலே சொன்னாள். அக்காவை ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்து அனுப்பிவிட்டார்கள், கேஸ் அப்படியே நிற்கிறது. மூன்று கம்பெனிக்குப் போயிருக்கிறார். மூன்று இடத்திலும் போனை ஒரு தடவை பார்த்துவிட்டு "சொல்லி அனுப்பறோம்மா" என்றார்களாம். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். இப்போது அக்கா இரண்டு வீட்டில் சமையல் வேலை செய்கிறார்.

"அதுகூட பரவால்ல சங்கீதா. சர்ச்சுல காணிக்க எண்றது பன்னெண்டு வருஷமா அவதான். போன வாரம் பெட்டிய எடுக்கப் போனாளாம். 'நீங்க உட்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்'னாங்களாம். அன்னிக்கிலருந்து கோயிலுக்கே போறதில்ல."

தக்காளி எவ்வளவு என்று கடைக்காரரைக் கேட்டேன். கௌசர் போய்விட்டாள்.

17-03-2025, திங்கள்

காலையில் ஆபீஸ் மெயிலைத் திறந்தால் சென்னையிலிருந்து ஒரு பில். வாட்ச் சர்வீஸ் முடிந்துவிட்டதாம், வந்து வாங்கிக்கொள்ளலாமாம். எழுபத்திரண்டாயிரம் ரூபாய். அக்காவின் ஆறு மாதச் சம்பளம். 'நாளொன்றுக்கு நான்கு வினாடி வேகம், இயல்பானது' என்று குறிப்பு.

வாடிக்கையாளர் பெயர் தானிஷ். கீழே சீரியல் நம்பர்.

அந்த நம்பர் எனக்குத் தெரியும். ஆனாலும் புகார் ஃபைலை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். அதே வாட்ச்.

செல்லில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

18-03-2025, செவ்வாய்

தானிஷ் சாரிடம் கேட்டுவிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"டிசம்பர்ல கெடச்சுது. இஃப்ரா கோட்ட ட்ரை வாஷுக்குப் போடறப்ப லைனிங்குள்ள இருந்துச்சு. பாக்கெட் ஓட்டை. அப்ப இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பாதி வழில இருந்துச்சு சங்கீதா. இப்ப பணமும் வந்தாச்சு. கெடச்சுதுன்னு சொன்னா நான் பொய் கேஸ் போட்டவன். ஆர்டர் குடுக்கற எவன் என் கைய புடிப்பான்? அந்த வாட்ச் எதுக்கு வாங்கினேன்? பேருக்குத்தான?"

"அக்கா பேரு சார்?"

"அவங்களுக்கு ஏதாவது செய்வோம். கொஞ்சம் ஆறட்டும்."

என் முன்னாலேயே மெயிலை அழித்தார். அடுத்த மாதம் எனக்கு இன்கிரிமென்ட் இருக்கிறது என்றார். இஃப்ரா அவர் மனைவி. வருஷா வருஷம் எனக்குப் பெருநாள் பிரியாணி கொடுத்தனுப்புகிறவர். அவருக்கும் தெரியும்.

29-03-2025, சனி

வசந்திடம் சொன்னேன். "வேல போனா தறி ஒண்ணுதான் நமக்கு" என்றார். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

10-04-2025, வியாழன்

இன்கிரிமென்ட் வந்தது. ஆயிரத்து ஐந்நூறு.

18-04-2025, வெள்ளி

புனித வெள்ளி, கம்பெனி லீவு. பஸ் ஸ்டாண்டில் வெள்ளைப் புடவை கட்டிக் கூட்டம் கூட்டமாகச் சர்ச்சுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அக்கா இல்லை.

27-04-2025, ஞாயிறு

போனேன்.

வீடு பேர்ணாம்பட்டில், சந்துக்குள். மகள் கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். இளைத்திருந்தார். "உட்காருங்க மேடம்" என்றார். அந்த மேடம் —

எல்லாவற்றையும் சொன்னேன். செல்லில் பில்லைக் காட்டினேன். அக்கா அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு செல்லை வாங்கி, ஜன்னல் பக்கம் பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"மார்ச் பதினேழு."

விரலை மடக்கி எண்ணினார். "நாப்பத்தோரு நாளு."

"ஆமாக்கா."

"அவுரு பணக்காரரு, பேரு போவும்னு பயந்தாரு. உங்களுக்கு இன்னா பயம் மேடம்?"

மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன். அத விடுங்கன்னாங்க. கொண்டுபோன பழத்தை மகள் என் பையிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

கிளம்பும்போது அக்கா கேட்டார். "எனக்கு நீங்க செய்யணும்னா ஒண்ணு செய்ங்க. ஞாயித்துக்கெழம எங்க கோயிலுக்கு வந்து, இப்ப இங்க சொன்னத அங்க சொல்லுங்க. எல்லார் எதுருலயும். உங்களால முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் பாத்துனு இருக்க மாட்டேன்."

வர்றேன் என்றேன்.

04-05-2025, ஞாயிறு

அறிவிப்பு நேரத்தில் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நான் அதுவரை சர்ச்சுக்குள் போனதில்லை. செருப்பை எங்கே விடுவது என்றே தெரியவில்லை. இருநூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேர் எங்கள் கம்பெனி ஆட்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நான் சங்கீதா. கம்பெனி எச்.ஆர். பிரிஸ்கில்லா அக்காவ சோதனை போட்டது நான்தான். அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல. அவங்க எடுத்தாங்கன்னு டைப் அடிச்சது நான். போட்டோ அனுப்புனது நான். அந்த வாட்ச் சின்ன மொதலாளி கோட்டுலயே இருந்துச்சு. மார்ச் மாசத்துலருந்து எனக்குத் தெரியும்."

யாரோ இருமினார்கள். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபம் செய்தார். அக்கா முதல் வரிசையில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் நாலைந்து பெண்கள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். "எங்களுக்கு அப்பவே சந்தேகந்தாம்மா. காணிக்க கணக்க இந்த வருஷம் ஜெபகனிக்கு எழுதியாச்சு. அடுத்த வருஷம் பாப்பம்."

"சரிங்கய்யா" என்றார் அக்கா.

06-05-2025, செவ்வாய்

கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். என் டிராயரில் இருந்த சீப்பையும் குடையையும் கவரில் போட்டு வாட்ச்மேன் கொடுத்தார். கம்பெனி ரகசியத்தைத் திருடியதாகக் காரணம்.

சாயங்காலம் வசந்த் இரண்டாவது தறியில் நூல் பூட்டிக் கொடுத்து, "இப்படி ஓட்டணும்" என்று காட்டினார்.

19-08-2025, செவ்வாய்

வேலூர் லேபர் ஆபீசில் அக்கா போட்ட மனுவுக்கு இன்று இரண்டாவது தடவை பேச்சுவார்த்தை. நான் சாட்சி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் பில்லின் நகல் ஒன்று அனுப்பி மூன்று மாதமாகிறது, பதிலே இல்லை. கம்பெனி வக்கீல், செல்லில் இருப்பது நானே தயாரித்த பொய் பில் என்கிறார்.

தானிஷ் சார் வரவில்லை. எக்ஸிபிஷனாம். அவர் அப்பா, பெரிய சார் அப்துல் சமத், வந்திருந்தார். கையில் பழைய, கண்ணாடி மங்கிப்போன வாட்ச். வக்கீல் ஒரு லட்சத்தில் ஆரம்பித்தார். இரண்டு. மூன்று. பெரிய சார் கை காட்டி அவரை நிறுத்தினார்.

"பிரிஸ்கில்லா, நாலு லட்சம் வாங்கிக்கம்மா. பொண்ணு படிப்புக்கு ஆவும். நல்லா வேலை செஞ்சாங்கன்னு சர்டிபிகேட்டும் தர்றேன்."

"பணம் வேணாம்னு சொல்லல சார். கஷ்டத்துலதான் இருக்கறன். அந்த சர்டிபிகேட்ல ஒரே ஒரு வரி சேத்து எழுதுங்க. வாட்ச பிரிஸ்கில்லா எடுக்கலன்னு."

வக்கீல் அவர் காதில் ஏதோ சொன்னார். பெரிய சார் தன் வாட்சைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்தார். அக்கா எடுக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அவர் முகத்தில் அது நன்றாகவே தெரிந்தது.

"அத மட்டும் கேக்காதம்மா. அஞ்சா வாங்கிக்க."

"அப்ப வேணாம் சார்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் பதறியது. மகளுக்கு இந்த வருஷம் ஃபீஸ் கட்டவில்லை. வாங்கிக்குங்கக்கா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்ல நான் யார்?

அதிகாரி செப்டம்பர் இருபத்து மூன்றுக்குத் தள்ளி வைத்தார்.

பஸ்ஸில் கூட்டம். முன்பக்கம் அக்காவுக்கு உட்கார இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். இந்த நாலு மாதத்தில் எங்கே போனாலும் அக்கா என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை, மேடம் என்பதையும் விட்டதில்லை. பள்ளிகொண்டாவில் பக்கத்து சீட்டுக்காரர் இறங்கினார். அக்கா திரும்பிப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம் நிப்ப. வந்து உட்காரு."

உட்கார்ந்தேன்.