தையற்காரருக்கு ஒரு ஹெச்

9 பிப்ரவரி 1931
இன்று பதினோரு பேர் புதிதாக ஜெயிலுக்குள் வந்தார்கள். மூன்று மணிக்குள் எல்லோரையும் வகை பிரித்துவிட்டேன். முதல் தடவைக்காரனுக்குத் தையல் கொட்டகை. மாதம் ஒரு முறை மனைவியைப் பார்க்கலாம். பழங்குற்றவாளி, அதாவது ‘ஹாபிச்சுவல்’ என்றால், பெயருக்கு எதிரே ‘ஹெச்’ - உயர்ந்த மதில், கயிறு திரிப்பு, விடுதலையானதும் போலீஸின் கேடி லிஸ்டில் பெயர். ஹெட் கிளார்க் என் கையெழுத்தைப் பார்த்து, “அகஸ்டின், ஏப்ரல்ல ப்ரமோஷன் ஒமக்குத்தான்” என்றார்.

ஷாஹுல் ஹமீது என்றொருவன். மயிலாப்பூர்த் தையற்காரன், முனிசிபல் இன்ஸ்பெக்டரைக் கஜக்கோலால் அடித்ததற்கு ஆறு மாதம். முன்னே இங்கே வந்திருக்கிறாயா என்றேன். “நாலு தபா வந்துகீறேன் சார்.” என்ன பெருமை! ஹெச்.

3 மார்ச்
ஷாஹுல் ஹமீதின் மனைவி ஹாஜிரா பீ அவனைப் பார்க்க வந்தாள். ஹெச்சுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் என்றேன். அழுதுவிட்டாள்.

“வார்டருங்களுக்குக் காக்கி தைக்க அளவெடுக்கத்தான் சார் நாலு தபா வந்தாரு! கேடி கடைல யார் சார் துணி குடுப்பாங்க?”

ஆண்டவரே. அவன் பதில் சரி. என் கேள்விதான் —

4 மார்ச்
ஹெச்சைத் திருத்த வேண்டுமானால், தவறு என்னுடையது என்று நானே சூப்பரின்டென்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ப்ரமோஷன் லிஸ்ட் இருபதாம் தேதி போகிறது. இருபத்தொன்றில் எழுதிக் கொடுத்தால்? பதினேழு நாளில் ஒரு மனிதன் தேய்ந்தா போவான்?

6 மார்ச்
ஹெச் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே ஊசிக்குத் தடை. வார்டர் தின்று போட்ட மீன்முள்ளில் துளையிட்டு, பேர்போன ஜேப்படிக்காரன் துரைராஜுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறார் ஷாஹுல் ஹமீது. “இன்னா விரல் சார் இவனுக்கு!” வார்டர் கண்டுகொள்ளவில்லை. அந்த வார்டரின் சட்டைப் பொத்தானும் அந்த முள்ளால் தைத்ததுதான்.

8 மார்ச், ஞாயிறு
பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார் சாமியார். மனம் இலேசாயிற்று. என் மனைவி வெரோனிகா கெடுத்தாள்: “சாமியார்கிட்ட சொல்லியாச்சு. சூப்பரின்டென்ட்கிட்ட யாரு சொல்லுவா, மாதாவா?”

9 மார்ச்
எழுதிக் கொடுத்தேன். கோழி கிளறிய மாதிரி எழுத்து. ஹெட் கிளார்க், “அசடு! யாருய்யா ஒம்மைக் கேட்டா?” என்றார்.

17 மார்ச்
ஷாஹுல் ஹமீதை முதல் தடவைக்காரர்கள் பக்கம் மாற்றியாயிற்று. நன்றி சொல்வார் என்று போனேன். முகம் தொங்கிக் கிடந்தது.

“இங்க கீறவன் பூரா, நான் ஒண்ணுமே பண்ணலன்றான் சார். அங்க ஒருத்தனும் அந்தப் பொய் சொன்னதில்ல.”

2 ஏப்ரல்
ப்ரமோஷன் என்னைவிட ஆறு வருஷம் இளையவனுக்கு. வயிறு எரிகிறது. வெரோனிகா எனக்குப் பிடித்த வஞ்சிரம் வறுத்தாள்.

14 நவம்பர்
தெற்கு மாட வீதியில் ஷாஹுல் ஹமீதின் கடைக்கு முதன்முறையாகப் போனேன், கோட்டு தைக்க. கடை நிறையத் துணி. மூலையில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான் - துரைராஜ்! வாரம் ஒரு முறை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்காருகிறானாம்.

“ஜேப்பு வேல பூரா அவன்கிட்ட வுட்டுட்டேன் சார். எங்க வெச்சா கை பூராதுன்னு அவனுக்குத்தான் தெரியும்.”

துரைராஜே என் மார்பில் டேப்பை வைத்து அளவெடுத்தான். மந்தைவெளி வரும்வரை என் கை பர்ஸை விட்டு நகரவில்லை. வீட்டில் எடுத்துப் பார்த்தேன், எல்லாம் இருந்தது. எண்ணிப் பார்த்ததற்கு வெட்கமாக இருக்கிறது. அவன் பெயருக்கு எதிரே ஹெச் போட்டதும் நான்தான். அதில் பிழையே இல்லை, அன்றைக்கு.