கனடா கேட்ட கை

ஏப்ரல் 3
எம்.பி. ஆபீசில் எனக்கும் ஒரு சீட்டு கொடுத்துவிட்டார்கள். கனடாவில் பழத்தோட்ட வேலை; தலைநகர் கிங்ஸ்டனில் ஆபீசர் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். விசா, விமானம், தங்க இடம் எல்லாம் தோட்ட முதலாளி பொறுப்பு. இந்த வருஷம் விட்டால் வயசு தாண்டிவிடும், அப்புறம் கூப்பிட மாட்டார்கள். மனைவி மிர்ட்டிஸ் சொல்கிறாள்: "குளிர்ல முதல்ல உன் வாய் உறையட்டும், ட்ரெலானி ஊருக்கே நிம்மதி."

ஏப்ரல் 9
தினமும் என் கையில் ஆமணக்கெண்ணெய் தேய்க்கிறாள். "இந்தக் கையோட கை குலுக்கினா ஆபீசருக்கு ரத்தம் வரும்." மண்வெட்டியைத் தொட விடுவதில்லை. மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 16
கிங்ஸ்டன். ஆபீசர் என் உள்ளங்கையை வெண்ணெய்ப்பழம் பழுத்திருக்கான்னு பார்க்கிற மாதிரி அமுக்கினான்.

"என்ன வேலை?"

"வள்ளிக்கிழங்கு வெட்டுறேன் சார். சின்ன வயசுலேர்ந்து."

"இந்தக் கையா? போய் பேங்க்ல வேலை கேளு. அடுத்த ஆள்."

வயல் வெயில்ல கருகின முதுகைப் பாருடான்னு சட்டையைக் கழட்டினேன். காவல்காரன் வந்துட்டான்.

அடுத்த ஆள் யாரு? எங்க ஊர் டாக்சிக்காரன் லாசெல்ஸ். மண்ணை டயரில் மட்டும் பார்த்தவன். ஒரு மாசமா ஈரக் கயிறை இழுத்து இழுத்துக் கையைக் காய்க்க வச்சிருக்கான். அவன் பாஸ். நான் வெளியே. இது என்ன நியாயம்?

ஏப்ரல் 17
இன்னும் கொதிக்குது.

ஏப்ரல் 21
"உன் எண்ணெயாலதான் போச்சு"ன்னு கத்திட்டேன். இன்னொரு சீட்டு கேட்கப் போனேன், அவளும் கூடவே எம்.பி. ஆபீசுக்கு வந்தாள். அங்கேயும் கத்தினேன். குமாஸ்தா தலையே நிமிர்த்தலை. "ஆம்பளைங்க சீட்டு முடிஞ்சது. பொம்பளைங்க சீட்டு ஒண்ணு இருக்கு."

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மிர்ட்டிஸ் கையை நீட்டிட்டாள். அப்பத்தான் அந்தக் கையைப் பார்த்தேன். என்னோடதை விட மோசம். இத்தனை வருஷம் எங்கே பார்த்துக்கிட்டிருந்தேன்?

மே 8
தேறிவிட்டாள். ஆபீசர் கையைத் தொட்டதுமே பாஸ் போட்டுட்டானாம். "ஏன்டா, உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லவா, பெட்டி தூக்க?"ன்னு சிரிக்கிறாள். எனக்கு அந்த ஆபீசர் மேல் கோபம் போகலை. ஒரே வயல், ஒரே மண், ரெண்டு பேரும்தானே வெட்டினோம்.

ஜூன் 2
வள்ளிக்கொடிக்குக் கம்பு நட ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் அடிக்கணும். இன்னிக்கு நானே பிடிச்சு நானே அடிச்சேன். எல்லாம் கோணல்.

ராத்திரி கனடாவிலேர்ந்து மிர்ட்டிஸ் போன் பண்ணினாள். "கம்பு நட்டியா?"

"நட்டுட்டேன். நேரா நிக்குது"ன்னேன்.