தீப்பெட்டியளவு காவலரண்

மச்சான்,

இன்று காலை உன் அம்மா என் சைக்கிள் கடைக்கு வந்து ஒரு பிஸ்கட் ரின்னைத் தந்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்ததும் ஈயமும் குங்கிலியமும் கலந்த அந்த மணம் மூக்கில் அடித்தது. நீ செத்து ஒரு மாதமாகிவிட்டது. மணம் மட்டும் அப்படியே இருக்கிறது. உள்ளே நம் விளையாட்டு ரயிலின் தண்டவாளத்துக்காக நீ நறுக்கி வைத்த குடைக்கம்பிகள், ரயில்பெட்டிச் சில்லுகள், பழைய டேப் ரெக்கோர்டரில் கழற்றிய மோட்டார். எல்லாவற்றுக்கும் அடியில், பேப்பரில் சுற்றியபடி, அந்தக் காவலரண்.

"இந்த எழவாலதான் தம்பி எம்புள்ள போனான்," என்றார் உன் அம்மா. "அத அங்க வைக்காதடான்னு நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கவேணும் அம்மா," என்றேன்.

என் நாக்கு அழுகிப்போகட்டும். அதைச் செய்தது நான். பலகையில் வைத்தது நான். வைக்காதே என்று சொன்னவன் நீ. நாலு வருடமாக இது உன் அம்மாவுக்குத் தெரியாது.

எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தில் உங்கள் லயத்து வீடுகளை எரித்த பிறகு நீயும் உன் அம்மாவும் வன்னிக்கு ரயிலேறினீர்கள். வழியில் ஒரு கூட்டம் ரயிலை மறித்தது. அவர் உன்னை இழுத்துக்கொண்டு மறுபக்கத்தால் குதித்து, நின்ற பெட்டியின் அடியில், சில்லுகளுக்கு நடுவே படுத்தார். உன் வாயை அவர் கை பொத்தியிருந்தது. மேலே ஆட்களை அடிக்கிற சத்தம். பலகை இடுக்கால் இரத்தம் உன் கழுத்தில் சொட்டியது. அரை மணித்தியாலம் நீ பார்த்துக்கொண்டிருந்தது அச்சையும் சுருள்வில்லையும் பிரேக் கட்டையையும்தான்.

அதனால்தானோ என்னவோ, நீ செய்த குட்டி ரயில்பெட்டிகளின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிடத் திருத்தமாக இருக்கும். அதைக் குனிந்து பார்க்க எவன் வரப்போகிறான் என்று நான் கேலி செய்தால், "நான் பாத்தேன்ல," என்பாய்.

உன் வீட்டுத் தாழ்வாரத்தில் ஆறடிப் பலகையில் பரந்தன் ஸ்ரேசனைக் கட்டினோம். பால்மா ரின் தகரத்தில் பெட்டிகள், பனஞ்சிலாகையில் சிலிப்பர் கட்டைகள், சிக்னல் கம்பம், அதற்கப்பால் மதகு. நமக்கு ஒரே சட்டம்தான். தரையில் உள்ளதெல்லாம் பலகையிலும் இருக்கவேண்டும். நீ லைன் ஓரமாக நடந்து காலடியால் அளந்து கொப்பியில் எழுதுவாய். ஒருமுறை சோம்பலில் ஒரு பெட்டிக்கு நான் யன்னல் ஒன்று குறைத்துவிட்டேன். நீ சுத்தியலை எடுத்து ஒரே அடியில் அதைத் தட்டையாக்கினாய். நான் உன் கழுத்தைப் பிடித்தேன். நீ தகரம் வெட்டும் கத்தரியை எறிந்தாய். என் இடது புருவத்தில் இருப்பது அந்த வெட்டுத்தான். "பலக பொய் சொல்லக் கூடாதுடா," என்று நீ உடுத்தியிருந்த சாரத்தால் என் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே ஏசினாய். இரண்டு பேரும் சரியான விசரர்கள்.

பிறகு மதகடியில் இராணுவத்தின் நிஜமான காவலரண் வந்தது. ஊர் அதைச் சென்றி என்றது. சுற்றிவர மண்மூட்டை, துவக்கு நீட்ட ஒரு ஓட்டை, உள்ளே எந்நேரமும் இரண்டு சிப்பாய்கள். நம் பலகையை வைக்கவிருந்த வாசிகசாலைக் கண்காட்சிக்கு அப்போது இரண்டு கிழமைதான் இருந்தது.

"அதையும் செய்வம்," என்றேன்.

"அது வேணாம் மச்சான். அவனுங்களுக்கு இது வெளையாட்டா தெரியாது."

"பயந்தாங்கொள்ளி. பொய் சொல்லக்கூடாது எண்டு என்ர மண்டையை உடைச்சனீ. இப்ப உன்ர பலகை சொல்லுறது என்ன?"

"பொய்தான். சொல்லிட்டுப் போகட்டும்."

நீ அப்படி லேசாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெட்டுப்பட்டது என் புருவம் அல்லவா. உனக்குத் தெரியாமல் என் வீட்டில் பழைய சாரத் துண்டுகளில் மணல் கட்டி, தீப்பெட்டியைச் சுற்றி அடுக்கினேன். கண்காட்சியன்று காலை நீ பற்றரி வாங்கக் கடைக்குப் போன நேரம் பலகையின் மதகடியில் ஒட்டினேன். நீ திரும்பி வந்தபோது பலகையைச் சுற்றிச் சனம். நீ அதைக் காணவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம்.

ரயில் மூன்றாம் முறை ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் இராணுவ ஜீப் வந்து நின்றது. சனம் யன்னலால் பாய்ந்தது. உள்ளே வந்த அதிகாரி முதலில் சிரித்தான். குனிந்து ரயில் ஓடுகிற வடிவைப் பார்த்தான். அவன் விரல் ரயிலோடு கூடவே வந்து மதகடியில் நின்றது.

"யார் செஞ்சது இது?"

பற்றரிக் கம்பி என் கையில் இருந்தது. அதை இன்னும் அழுத்திப் பிடித்தேன். நீ காவலரணைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். ஒரேயொரு பார்வை.

"எல்லாம் நாந்தான் சார் செஞ்சேன்," என்றாய்.

உன் சட்டைப்பையில் இருந்து கொப்பியை உருவினார்கள். சிக்னலில் இருந்து மதகுக்கு எத்தனை காலடி என்று உன் கையெழுத்தில் அதில் இருந்தது. துவக்குப் பிடி உன் வாயில் விழுந்தது. பல் ஒன்று பலகையில் நாம் கட்டிய பிளற்போமில் தெறித்தது. உன் வலது கையைப் பலகைத் தண்டவாளத்தின் மேல் விரித்து வைத்து, அதே துவக்குப் பிடியால் விரல் விரலாக உடைத்தார்கள். நான் அப்போதும் கம்பியை விடவில்லை. மோட்டார் ஓடியது. ரயில் வந்து உன் கையில் முட்டி, சில்லு சுழன்றபடி நின்றது. நீ கத்தினாய். விழுந்த பிறகு நெஞ்சில் சப்பாத்துக் காலால் உதைத்தார்கள். பலகையைப் புரட்டி மிதித்தார்கள். உன்னை மயிரில் பிடித்து ஜீப்புக்கு இழுத்துப் போனார்கள். என்னை ஒருவனும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து உன்னை வெளியே விட்டார்கள். செய்தி கேட்டு ஓடி வந்தேன். நீ பாயில் கிடந்தாய். இருமும்போது துணியில் இரத்தம். உன் அம்மா தலைமாட்டில் இருந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்தேன், சத்தியமாக. நீ என் முகத்தைக் கண்டதும் முந்திக்கொண்டாய்.

"சென்றி நல்லா செஞ்சிருந்தேன்ல மச்சான்? ஓட்டதான் பக்கம் மாறிருச்சு. நான் மதகப் பாக்க வச்சுட்டேன். உள்ளபடிக்கு அது நம்ம வீடுங்களத்தான பாத்துக்கிட்டு இருக்கு."

உன் அம்மா கையை ஓங்கி, உடைந்த அந்த வாயிலேயே அறைந்தார். "பல்லு போயும் புத்தி வரல ஒனக்கு!"

நீ சிரித்தாய். நான் வந்த வழியே திரும்பிப் போனேன்.

பிறகு நாலு வருடம் இடது கையால் சாப்பிட்டாய், நெல்லு மில்லில் மூட்டை எண்ணினாய், இருமினாய். நொறுங்கிய பலகையில் இருந்து எதையெதைப் பொறுக்கி வைத்தாய் என்று நான் கேட்டதில்லை. நானும் நீயும் அந்த நாளைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. சாகிற கிழமை இந்த ரின்னை என்னிடம் கொடுக்கச் சொல்லி உன் அம்மாவிடம் சொன்னாயாம். எனக்கு உன்மேல் கோபம் மச்சான். நீ அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் என்னைத்தான் பிடித்திருப்பார்கள். இல்லாவிட்டால் பாயில் கிடந்தபோதாவது என்னைப் பேச விட்டிருக்கலாம். எதற்காக ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்டாய்?

இப்போது முந்திக்கொள்ள நீ இல்லை. கடையைப் பூட்டுகிறேன். காவலரண் என் சட்டைப்பையில் இருக்கிறது. வழியில் மதகடியில் சைக்கிளை நிறுத்தி, நிஜக் காவலரணின் ஓட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒருமுறை பார்ப்பேன். அங்கிருந்து நேரே உன் வீடு. இதை உன் அம்மாவின் கையில் வைத்து, செய்தது நான் என்று சொல்வேன். அன்று உன் வாயில் விழுந்த அந்த அறை எனக்கு உரியது. அவர் அடிக்கும்போது முகத்தைத் திருப்பமாட்டேன்.