செந்தூலில் என்ன சாப்பிடலாம்

புருசெத், ஒஸ்லோ
22 சித்திரை 2007

அன்பும் உரிமையும் உள்ள உதயாவுக்கு,

சித்திரை முடியப் போகிறது, எங்கள் புளொக்கின் பின்பக்கத்தில் இன்னும் பனி கிடக்கிறது. குளிரைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. நீரும் சுகம் என்று நம்பித்தான் இருந்தேன். நேற்று, உமக்கு அறை தந்திருக்கிற செந்தூல் மாமி ரெலிபோன் எடுத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டா.

நீர் அறையை விட்டு வெளிக்கிடுவதில்லையாம். பிஸ்கட்டும் பிளேன்ரீயும்தான் சாப்பாடாம். மாமி தன் சமையலைக் கொண்டுவந்து வைத்தாலும், பசிக்கேல்லை மாமி எண்டு சொல்லி மூடி வைத்துவிடுகிறீராம். அதெல்லாம் போகட்டும். கொழும்புக்குத் திரும்பிப் போக ரிக்கற் எடுக்கலாமோ என்று கேட்டீராமே.

ரெலிபோனில் சாப்பிட்டீரோ என்று கேட்டால் ஓம் என்கிறீர். அடுத்த கதை தொடங்குவதற்குள் கார்ட் முடிந்துவிடுகிறது. ஆகவே எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஒருவர் பிஸ்கட் தின்பதா?

நான் தொண்ணூற்றாறில் அங்கே போய் இறங்கியபோது வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன், கூட வந்தவர்களோடு என்னைச் செந்தூலில் ஒரு ரயர்க் கடைக்கு மேலே அடைத்து வைத்தான். ஒரு வருசத்துக்கு மேல் கிடந்தேன். அந்த ஊரை நான் வாயால்தான் படித்தேன். காலையில் ரயில்வே குவாட்டர்ஸ் பக்கம் மேரியம்மாவின் ஒட்டுக்கடை, றோட்டோரச் சின்னக் கடை. அங்கே நாசி லெமாக் என்று ஒன்று இருக்கிறது. தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, நெத்தலிச் சம்பல், பாதி முட்டை, இரண்டு துண்டு வெள்ளரிக்காய், எல்லாம் வாழையிலையில் ஒரு கைப்பிடிப் பொதி. பிரித்தவுடன் வரும் வாசம் இப்போதும் என் மூக்கில் நிற்கிறது. முதல் நாள் மேரியம்மா என்னைப் பார்த்து, தம்பி பசியாறியாச்சா எண்டு கேட்டா. என் பசியைப் பற்றி அம்மாவுக்குப் பிறகு ஒருவரும் கேட்டதில்லை என்று கண் கலங்கிவிட்டது. அந்த ஊரில் அதற்குக் காலைச் சாப்பாடு முடிந்ததா என்பதுதான் அர்த்தம் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் ஒவ்வொரு காலையும் அதைக் கேட்பதற்காகவே போனேன்.

சந்தியில் மாமாக் கடை இருக்கும். தமிழ் முஸ்லிம் ஆட்களின் கடைகளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மாவை வீசி வீசிப் போடும் ரொட்டி சானாய், அதோடு ஒரு பருப்புக் கறி. கோப்பையிலிருந்து கோப்பைக்கு ஒரு முழ உயரத்தில் ஊற்றி ஆற்றும் தேத்தண்ணி. பின்னேரம் சீனக் கிழவர் ஒருவர் தள்ளுவண்டியில் கோய்த்தியாவ் வறுப்பார். தட்டை நூடில்ஸ், முளைப்பயறு, மட்டிச்சதை, நல்ல உறைப்பு. பன்றி போட வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடும். எங்கே போனாலும் நான் பின் ஒழுங்கைக்குக் கிட்ட உள்ள மேசையில்தான் இருப்பேன். பேப்பர் இல்லாதவன், பொலிஸ் வந்தால் ஓட வேண்டுமே. ஆனாலும் சொல்கிறேன், அந்த மேசைகளில் சாப்பிட்டதுபோல அதன் பிறகு நான் எங்கும் சாப்பிடவில்லை.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. இலையை மடிக்கும்வரை போட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கும் மேலே, பெரிய றோட்டில் கண்ணாடி போட்ட ஒரு றெஸ்ரோறன்ற் இருந்தது. மீன் தலைக் கறிக்குப் பேர்போன இடம். ஏசிக் குளிர் கதவிடுக்கால் வெளியே வரும். றப்பர்ச் செருப்போடு உள்ளே போகத் துணிவு வரவில்லை. நீர் போய் எனக்காகவும் சாப்பிட்டுவிட்டு எழுதும்.

இங்கே என் நிலையைக் கேளும். பாண் பேக்கரியில் வேலை, பதினொரு மணிக்கு எல்லோரும் கடுதாசியில் சுற்றிய பாண் துண்டைத் திறப்பார்கள். உள்ளே ஒரு சீஸ், அதுவும் குளிர். ரவுணில் ஒரு கடையில் நாசி கோரெங், அந்த ஊர்ப் பொரித்த சோறு, என்று எழுதியிருக்கக் கண்டு ஆசையாகப் போனேன். அன்னாசித் துண்டு போட்ட மஞ்சள் சோறு வந்தது. மிளகாய் கேட்டேன். கவனம், உறைக்கும் என்று கடைக்காரன் எனக்குப் புத்தி சொன்னான். போன சனிக்கிழமை குறொன்லாண்ட் பக்கத்துக் கடையில் நெத்தலி வாங்கி வந்து நானே பொரித்தேன். புகை மணி அடித்து, பக்கத்து வீட்டு மனுசி நைற்றியோடு வந்து நின்றா.

இனி விசயத்துக்கு வருகிறேன். நீர் இங்கே என்னிடம் வருவதற்கான விசா அலுவல் நடந்துகொண்டிருக்கிறது. கொழும்பில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றுதானே உம்மை அங்கே அனுப்பினோம். திரும்பிப் போகிற கதையை விட்டுவிடும். எழும்பி, முகத்தைக் கழுவிக்கொண்டு, கீழே இறங்கிப் போய்ச் சாப்பிடும். இது என் மன்றாட்டம்.

உம்மையே நினைத்திருக்கும்
ஆனந்தராஜா


புருசெத், ஒஸ்லோ
10 ஆனி 2007

என் உதயாவுக்கு,

உம்முடைய கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கம்தான் என்றாலும் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. முதலில் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன்.

வந்த கிழமையே பசி தாங்காமல் சந்திக் கடைக்குப் போயிருக்கிறீர். சுற்றவர ஆம்பிளைகள். கடைக்காரன் வந்து, அக்கா தண்ணி என்ன எண்டு கேட்டிருக்கிறான். ஒரு பொம்பிளையைப் பார்த்துப் பட்டப்பகலில் என்ன சாராயம் வேணும் எண்டு கேக்கிற ஊரிலை நான் எப்பிடி இருக்கிறது எண்டு எழுதியிருக்கிறீர். அன்றைக்கு அறைக்குள் போனவர்தான் பிறகு வெளியே வரவில்லை. மாமியிடம் சொல்லவும் கூச்சம்.

உதயா, அவன் ஒரு பாவமும் அறியாதவன். அந்த ஊரில் தண்ணி என்றால் தேத்தண்ணி, கோப்பி, ஜூஸ், குடிக்கிற எதுவும்தான். சாப்பாட்டோடு என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நான் குடிக்கிறேல்லை எண்டு சொல்லிவிட்டு, ரொட்டியை வெறுமனே விழுங்கி விக்கிக்கொண்டிருந்தேன். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டியவன், வாசத்தையும் உறைப்பையும் எழுதிக்கொண்டிருந்துவிட்டேன்.

நீர் எழுதிய மற்ற வசனத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கட கடிதத்திலை எல்லாக் கடையும் இருக்கு, ஒரு பொம்பிளை தனியப் போய் எப்பிடி இருந்து சாப்பிடுறது எண்டது மட்டும் இல்லை என்று எழுதியிருந்தீர். உண்மைதான். ஊரில் தேத்தண்ணிக் கடைக்குள் எங்கள் பெண்கள் போய் இருந்ததை நான் கண்டதில்லை. அது எனக்கு ஒருநாளும் ஒரு விசயமாகத் தெரியவில்லை. மாமியிடம் விசாரித்தேன். மேரியம்மாவின் கடை இன்னும் இருக்கிறதாம், மகள் நடத்துகிறாவாம். கந்தோருக்கு வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் அங்கே தனியே இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் பிடிக்கிறார்களாம். ஒருவரும் ஏன் என்று பார்க்க மாட்டார்கள். விருப்பமென்றால் போம். நான் இனிக் கட்டாயப்படுத்த மாட்டேன்.

இப்போது இங்கே நடந்ததை எழுத வேண்டும். போன கிழமை என்னைப் பொலிஸ் நிலையத்துக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எங்களுடைய கலியாணம் உண்மையானதா, விசாவுக்காகச் செய்ததா என்று அறியத்தான். கலியாணம் முடிந்து கொழும்பில் சேர்ந்து இருந்தது மூன்று கிழமை என்றால் அவர்களுக்குச் சந்தேகம் வரும்தானே. ஒரு நோர்வேஜியப் பெண் கேட்டா, சச்சிதானந்தன் என்ற எங்கள் ஆள் ஒருவர் மொழிபெயர்த்தார். எனக்கு நோர்ஸ்க் பாஷை தெரியும், ஆனாலும் ஒரு சொல் பிசகினால் உம்முடைய வாழ்க்கையல்லவா, அதனால் தமிழிலேயே சொன்னேன். கூறைச் சேலையின் நிறம், உம்முடைய தம்பிமாரின் பெயர், நீர் படிப்பித்த பள்ளிக்கூடம் என்று கேட்டதற்கெல்லாம் தடக்காமல் சொன்னேன்.

பிறகு, உங்கள் மனைவிக்குப் பிடித்த சாப்பாடு என்ன என்று கேட்டா.

புட்டும் மீன் குழம்பும் என்று அடித்துவிடலாமோ என்று ஒரு நிமிசம் யோசித்தேன். ஆனால் வெள்ளவத்தையில் உங்கள் வீட்டை எவ்வளவு நினைத்துப் பார்த்தும், நீர் சாப்பிடுகிற மாதிரி ஒரு காட்சி எனக்கு வரவில்லை. நீர் எனக்குப் போட்டுத் தருகிறீர், கறிச்சட்டியோடு பக்கத்தில் நிற்கிறீர், இன்னும் கொஞ்சம் போடவோ என்று கேட்கிறீர். நான் கை கழுவிக்கொண்டு விறாந்தைக்குப் போன பிறகு அடுப்படியில் உமக்கும் உம்முடைய அம்மாவுக்கும் சாப்பாட்டுக் கோப்பை எடுக்கிற சத்தம் கேட்கும். அவ்வளவுதான். மூன்று கிழமையும் அப்படித்தான்.

எனக்குத் தெரியாது, அவ சாப்பிட்டு நான் பாக்கேல்லை எண்டு சொன்னேன். சச்சிதானந்தன் மொழிபெயர்க்க முதல் என்னை ஒருதரம் பார்த்தார். அந்தப் பெண் ஒருதரமும் சேர்ந்து சாப்பிடவில்லையா என்று கேட்டா. எங்கட வீடுகளிலை பொம்பிளையள் பிறகுதான் சாப்பிடுவினம் எண்டு விளக்கினேன். அவ அதை எழுதிக்கொண்டா. எந்த முகத்தோடு எழுதினா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்ததும் சச்சிதானந்தன் என் தோளைத் தட்டி, அண்ணை, எனக்கும் என்ரை மனுசியைப் பற்றிக் கேட்டால் தெரியாது எண்டார். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

இந்த ஒரு பதிலால் விசா தட்டுப்பட்டுப் போகுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. மறைக்கவில்லை. வாற கிழமை உம்மையும் அங்கே உள்ள நோர்வே தூதரகத்துக்குக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் நீர் ஒன்றும் விடாமல் சொல்லிவிடுவீர் என்று எனக்குத் தெரியும். புளி குறைவு, கத்தரிக்காய் பொரித்து வைக்க வேணும், சோற்றுக்கு மேலே கறியை ஊற்றக் கூடாது. அதை நினைக்கத்தான் இன்னும் அந்தரமாக இருக்கிறது.

இந்தக் கடிதம் உம்முடைய விசாரணை முடிந்த பிறகுதான் வந்து சேரும். வேண்டுமென்றேதான் சுணக்கிப் போடுகிறேன். நான் சொல்லித் தந்து நீர் சொன்னதாக ஒருவரும் நினைக்கக் கூடாது. நீரும் நினைக்கக் கூடாது.

புரட்டாதிக் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன். விசா வந்தாலும் வராவிட்டாலும் நான் அங்கே வருவேன். இப்போது என்னிடம் பாஸ்போட் இருக்கிறது, எந்த மேசையிலும் இருக்கலாம். நீர் சொல்கிற கடைக்குப் போவோம். முதலில் நீர் சாப்பிட வேண்டும். எனக்கு ஒன்றும் போடக் கூடாது, எழும்பவும் கூடாது. நான் முன்னால் இருந்து பார்க்க வேண்டும்.

அதுவரை என்னால் பொறுக்க முடியாது. உமக்கு என்ன பிடிக்கும், உதயா? பொலிஸ் கேட்டு முடித்துவிட்டார்கள். இப்போது நான் கேட்கிறேன். ஒரு வரி போதும், எழுதும்.

கடவுள் உம்மைக் காக்கட்டும்.

உம்முடைய
ஆனந்தராஜா