மாரீஸ்வரி உடுத்திய என் சேலை

ஓடைப்பட்டி,
மாசி 9, காலை.

அன்புள்ள மாமாவுக்கு,

பூமாரி எழுதுகிறேன். அத்தைக்கும் நம் பாப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் சரியில்லை. போனில் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். நம் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது, ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் பாப்பா. மேலத்தெரு சுருளியாண்டி அண்ணன் வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். கடலை மிட்டாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

உங்கள் தம்பி பொண்டாட்டி மாரீஸ்வரி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனதை, ஏதோ சேலைச் சண்டை என்று அத்தை உங்களிடம் சொல்லி முடித்துவிட்டார்கள். அது பாதிதான். மீதியை நான்தான் சொல்ல வேண்டும்.

அவள் இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல் போனதால் நீங்கள் அவளைப் போனில்தான் பார்த்திருக்கிறீர்கள். நேரில் அப்படி ஒன்றும் அழகி இல்லை, மாமா. என்னைவிடக் குள்ளம், மூக்கும் சப்பை. ஆனால் காலையில் கம்பத்து ஜவுளிக் கடைக்கு வேலைக்குக் கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. திங்கட்கிழமை உடுத்திய சேலையைத்தான் வியாழக்கிழமையும் உடுத்துவாள், ஆனால் அது வேறு சேலை போல இருக்கும். ஒரு நாள் முந்தானையை ஒற்றையாகத் தொங்கவிடுவாள். ஒரு நாள் பழைய சுடிதார் துப்பட்டாவை வெட்டித் தைத்த ரவிக்கையில் வருவாள். இன்னொரு நாள் கழுத்தில் தாலியைத் தவிர ஒன்றும் போடாமல் காதில் மட்டும் பெரிய ஜிமிக்கி. கடையில் பொம்மைகளுக்குச் சேலை உடுத்திவிடுவது அவள்தானாம், அந்தப் பழக்கம். நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பார்த்துக்கொண்டே எத்தனை தோசையைக் கருகவிட்டிருக்கிறேன் என்று அத்தைக்குத் தெரியும்.

போன மாதம் பண்ணைப்புரத்தில் உங்கள் சித்தப்பா வீட்டுக் காதுகுத்து. அதற்கென்று நான் தேனிக்குப் போய் ஆகாய நீலத்தில் பெரிய கரை போட்ட சேலை எடுத்தேன். அவள் சாம்பல் பூத்த திராட்சை மாதிரி ஒரு நிறத்தில், கரை தெரிந்தும் தெரியாத ஒரு சேலையில் வந்தாள். அதற்குக் கறுப்பு ரவிக்கை. உங்கள் தம்பியின் பழைய சட்டையைப் பிரித்துத் தைத்தது என்று பிறகு தெரிந்தது. பொம்பளைகள் எல்லாம் அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். சித்தி அவள் முந்தானையைப் பிடித்துப் பார்த்து, "எந்தக் கடையிலத்தா எடுத்த?" என்று கேட்டார்கள். என் சேலையை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் நீங்கள் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டீர்கள். "அந்தப் பிள்ள எவ்வளவு அம்சமா உடுத்தியிருக்கு! நீயும் பீரோ நிறைய வச்சிருக்கியே பூமாரி, அதப் பார்த்தாவது கத்துக்க" என்றீர்கள். அத்தை சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன், போனை வைக்கும்வரை.

அன்று மதியம் அவள் கடையில் இருந்தபோது நான் அவள் பீரோவைத் திறந்தேன். எழுதவே கை கூசுகிறது. இவளிடம் அப்படி எத்தனை சேலைதான் இருக்கிறது என்று பார்த்துவிட நினைத்தேன். கல்யாணப் பட்டோடு சேர்த்து ஒன்பது. அவ்வளவுதான். காதுகுத்துக்கு உடுத்திய சேலை மேலேயே இருந்தது. விரித்துப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் மிளகளவு ஒரு பொசுங்கல். உங்கள் பைக்கில் சுருளி அருவிக்குப் போனபோது சைலன்சரில் பட்டது, ஞாபகம் இருக்கிறதா? நம் தலைதீபாவளிக்கு நீங்களே மதுரையில் எடுத்துக் கொடுத்த பன்னீர் திராட்சை நிறச் சேலை அது. உள்பக்கத்தை வெளியே திருப்பி உடுத்தியிருக்கிறாள். அதுதான் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை.

அவள் திருடவில்லை, மாமா. கரை சின்னது, பழசாகிவிட்டது என்று பாத்திரக்காரனுக்குப் போடக் கட்டிய மூட்டையில் நான்தான் அதை வைத்தேன். "அக்கா, இத நான் எடுத்துக்கிறட்டுமா?" என்று கேட்டுத்தான் எடுத்தாள். "எடுத்துக்க, ஆனா உடுத்திட்டு வெளிய கிளிய போயிறாத" என்று நான் சிரித்தேன்.

அதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. சேலையைக் கொண்டுவந்து என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாயங்காலம் வந்து தேடினாள். பார்த்தீர்களா அக்கா என்று கேட்டாள். அத்தையும் உங்கள் தம்பியும் இருக்கும்போதே நான் சொன்னேன்: "எம் புருசன் எடுத்துக் குடுத்த சேலைய உடுத்தி, எம் புருசன்கிட்டயே பேரு வாங்குறியா?"

அத்தை, "ஆத்தா, என்ன வார்த்தை பேசிப்புட்ட!" என்று நெஞ்சில் கை வைத்தார்கள். மறுநாள் காலையில் வேலைக்குப் போன மாரீஸ்வரி அப்படியே கூடலூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். உங்கள் தம்பி என் கையால் சாப்பிடுவதை நிறுத்தினார். தனி அடுப்பு வைப்பதைப் பற்றி அத்தையிடம் பேசியதும் என் காதில் விழுந்தது.

மூன்று நாள் கழித்துக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சேலையை உடுத்திப் பார்த்தேன். அவளைப் போலவே உள்பக்கத்தைத் திருப்பித்தான் உடுத்தினேன். என் உடம்பில் அது நிற்கவே இல்லை. கோபத்தில் பீரோவில் இருந்த அத்தனையையும் கட்டிலில் கொட்டினேன். நாற்பத்து மூன்று சேலை. ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. இது பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி உடுத்தினாள் என்று எடுத்தது. இது பால் சொசைட்டிக்கார அம்மாவைப் பார்த்து எடுத்தது. இது உங்கள் அத்தை மகளுக்குப் போட்டியாக எடுத்தது. எனக்குப் பிடித்து எடுத்தது எது என்று தேடினேன். ஒரு வாடாமல்லிச் சுங்குடி மட்டும் கிடைத்தது. அதைக் கட்டிக்கொண்டு கூடலூருக்கு பஸ் ஏறினேன்.

அவள் தலைக்கு எண்ணெய் வைத்து, சாயம் போன நைட்டியில் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கோலத்தில் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அவள் முகம் வீங்கியிருப்பதைப் பார்த்தேன். தப்புத்தான் தாயி, வந்துரு என்றேன். அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "சேல உங்களுது. கேட்டிருந்தா அப்பவே அவுத்துக் குடுத்திருப்பேன். பீரோவத் திறந்தீக பாருங்க, அத நான் மறக்க மாட்டேன்க்கா. அவருக்காகத்தான் வாரேன்" என்றாள்.

வந்து பத்து நாள் ஆகிறது. நான் கொடுத்த திராட்சைச் சேலையை வாங்க மறுத்துவிட்டாள். போன புதன்கிழமை அவளாகவே என் அறைக்கு வந்து, நீலச் சேலையையும் பழைய மஞ்சள் பட்டு ரவிக்கையையும் எடுத்து என் மேல் வைத்துப் பார்த்தாள். "அக்கா, உங்ககிட்ட எல்லாம் இருக்கு. சேல கூடவே வந்த ரவிக்கையத்தான் போடணும்னு யாரு சொன்னா? மாத்திப் போடுங்க" என்றாள். பிடித்த சுங்குடிக்கு என்னென்ன சேரும் என்று முதலில் பாருங்கள், மீதியை அப்புறம் பாருங்கள் என்றும் சொன்னாள். நானே கொசுவத்தை ஒன்பது தடவை அவிழ்த்துக் கட்டினேன். மறுநாள் பாப்பாவின் பள்ளிக்கூடத்துக்குச் சுங்குடியும் பச்சை ரவிக்கையுமாகப் போனேன். ஜெபஷீலா டீச்சர் புதுச் சேலையா என்று கேட்டார்கள். ஆறு வருசத்துப் பழசு என்றேன். அப்படிச் சொல்வதில் ஒரு பெருமை இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

இதனால் எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது. சாயங்காலம் உங்கள் தம்பி தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவும்போதே, "என்ன, இன்னைக்கு ஒரு தினுசா இருக்க?" என்று அவளைக் கேட்பார். அவள் துண்டை எடுத்துக் கொடுப்பாள். அந்த நேரத்தில் நான் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை.

தோட்டத்தில் இன்னும் இருபது நாளில் திராட்சை வெட்டலாமாம். தம்பியிடம் நீங்களே ஒரு தடவை பேசுங்கள். தனி அடுப்புப் பேச்சு இன்னும் முழுதாக அடங்கவில்லை. அத்தையைத் திட்ட வேண்டாம், என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். வெயிலில் வண்டி ஓட்டும்போது தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வீரபாண்டி மாரியம்மனுக்கு வேண்டியிருக்கிறேன்.

இந்த வருசம் எனக்குச் சேலை எதுவும் வாங்க வேண்டாம், மாமா. அடுத்த தடவை வீடியோவில் கூப்பிடும்போது ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பேச ஒன்றும் இல்லையென்றாலும் பரவாயில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.

உங்கள்
பூமாரி