கூட்டம் வெறுத்த தொரைக்கு, மூன்றாம் வரிசையிலிருந்து

மைக்கில் திட்டித் திட்டித் தொண்டை கட்டி, வீட்டில் மட்டும் மெல்லப் பேசிய என் அப்பாவுக்கு,

அன்றைக்குப் பதுளை பஸ் ஸ்டாண்டில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "அப்பா, எறங்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்." ஆட்டோவில் ஐந்து நிமிடத்தில் போயிருக்கலாம். லுணுகலை பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. நீங்கள் முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். நான் நாலு சீட் தள்ளிப் பின்னால் இருந்தேன். சொல்லவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். தொழில் ரகசியத்தை வெளியே விடுகிறாயே என்று கோபப்படுவீர்கள். கோபப்படுங்கள்.

வாரநாட்களில் உங்களுக்குத் தோட்டத்துத் தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் வேலை. சனி, ஞாயிறில் நீங்கள் 'தொரை'. ஊர் ஊராகப் போய், முன்பே பேசிவைத்து ஆடும் ஒரு குஸ்திக் கம்பனியில், கருநாகம் என்ற வில்லனுக்கு மனேஜர். அரைக் கால்சட்டை, காலில் முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளை மேசு, தொப்பி, கையில் பிரம்பு. வெள்ளைக்காரத் தொரை மாதிரி மேடையேறி முதலில் கூட்டத்தைத் திட்ட வேண்டும். பிறகு நடுவர் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, நல்லவனான இரும்பு ராஜாவின் காலைப் பிரம்பால் இழுத்துவிட வேண்டும். பதினாறு வருஷம் நீங்கள் பார்த்த வேலை, வெறுக்கப்படுவது.

"ஏய் லயத்துச் சனங்களே! மழை பேஞ்சா வேலைக்கு வரமாட்டீங்களோ? பேர வெட்டிப்புடுவேன், இன்னைக்குச் சம்பளம் இல்ல!" காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நீங்கள் கேட்டு நின்ற வசவுகளைத்தான் மைக்கில் திருப்பிக் கொடுத்தீர்கள். வெலிமடையில் அதையே சிங்களத்தில். ஏன் இந்த வேஷம் என்று ஒருமுறை கேட்டேன். "வாரத்துல ரெண்டு மணி நேரமாச்சும் நான் தொரையா இருக்கேனே, ஒனக்கென்னடி?" என்று சிரித்தீர்கள்.

அம்மா போன பிறகு என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லை. எட்டு வயதில் கையோடு கூட்டிப் போனீர்கள். வில்லனுக்குக் குடும்பம் இருப்பது வெளியே தெரியக்கூடாது என்பது கம்பனியின் சட்டம். "கிரவுண்டுக்குள்ள நான் ஒனக்கு அப்பா இல்ல. பஸ்லயும் இல்ல. பசறையில சனம் எறங்குன பொறகுதான் அப்பா. வெளங்குச்சா?" எனக்கும் ஒரு வேலை தந்தீர்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, நீங்கள் மேடையேறியதும் உங்களை இகழ்ந்து முதல் 'ஹூ' போடுவது. கூட்டம் கூச்சப்படும், யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிட வேண்டும் என்றீர்கள்.

ஒருநாள் பக்கத்தில் இருந்த ஒரு அக்கா கேட்டார்: "இந்த நாசமாப் போறவனுக்கெல்லாம் புள்ளகுட்டி இருக்குமா?"

"இருக்காதுங்க," என்றேன்.

"இருந்தா அதுவே சோத்துல வெசத்த வச்சிருக்கும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது தேத்தண்ணி புரையேறும்வரை சிரித்தீர்கள். "அதான்டி எனக்கு மெடலு!" அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததா, அப்பா?

பதுளையில் ஆட்டம் நடந்த அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருபத்துநாலு வயது. பாடசாலையில் டீச்சர். அப்படியும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஹூ போட்டேன். என் சத்தத்தைத் தொடர்ந்து மைதானமே கத்தியது. அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து கல் வந்தது. உங்கள் தொப்பி பறந்தது. நீங்கள் விழுந்தீர்கள். "தொரை செத்தான்டா!" என்று யாரோ கத்த, கைதட்டினார்கள்.

இரும்பு ராஜா குனிந்து, முறுக்குவது போல உங்கள் கையைப் பிடித்தார். அவர் செல்வம் மாமா. உங்கள் உயிர்க் கூட்டாளி. ஊர் பார்க்க உங்களோடு ஒரு கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்ததில்லை. நிஜமாக அடிபட்டதா என்று கேட்க உங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கூட ஆடுபவர் கையை அழுத்துவார். நீங்கள் திருப்பி அழுத்தினால் ஒன்றுமில்லை, ஆட்டத்தைத் தொடரலாம். நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள். அதனால் அவர் உங்கள் நெஞ்சில் காலை வைத்து நின்றார்.

"அழுத்துனாம்மா. நல்லாத்தான் அழுத்துனான்," என்று பிறகு ஆஸ்பத்திரி வாசலில் அழுதார். ஏன் அழுத்தினீர்கள்? அந்தப் பொய் யாருக்காக?

எழுந்து துடைத்துக்கொண்டு, காயத்தின் மேலேயே தொப்பியைப் போட்டு பஸ்ஸுக்கு வந்தீர்கள். பஸ் முழுக்க ஆட்டம் பார்த்த சனம்.

"என்னா தொரை, பங்களா ஜீப்பு வரலியா?"

"வருது வருது. ஒங்கப்பன்தான் தள்ளிக்கிட்டு வாரான்!"

பஸ்ஸே சிரித்தது. வாயாடுகிறார், அப்படியானால் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். தொப்பிக்குக் கீழே காதோரம் இரத்தம் இறங்கியதையும் பார்த்தேன். இரண்டையும் பார்த்துவிட்டு, எனக்கு வசதியானதை நம்பினேன். கொஞ்ச தூரத்தில் உங்கள் தலை ஜன்னலில் சாய்ந்தது. "தொரைக்குத் தூக்கம்," என்றான் ஒருவன். மடியில் புத்தகம் விரித்திருந்தேன். பசறை வரை ஒரே பக்கம்.

பசறையில் சனம் இறங்கியது. வந்து பக்கத்தில் உட்கார்ந்து "அப்பா" என்றேன். கையை அழுத்தினேன். நீங்கள் அழுத்தவில்லை.

வந்த வழியே பதுளைக்குத் திரும்பினோம். இரண்டாம் நாள் முடிந்துவிட்டது. "ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டு வந்திருந்தா..." என்று டாக்டர் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

செல்வம் மாமா சாவு வீட்டுக்குள் வரவில்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே ரோட்டில் நின்றார். நான் ஏறிப் போய்க் கூப்பிட்டேன்.

"வரப்படாதும்மா. மொதலாளி சொல்லிட்டாரு. ராஜா தொரை வீட்டுல அழுவுறத யாராச்சும் போன்ல புடிச்சிட்டா, அடுத்த வாரம் மொனராகலை ஆட்டம் படுத்துரும்."

அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் நாலு சீட் தள்ளித்தானே இருந்தேன்?

இப்போது லயத்துக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள். மழைச் சத்தம் முன்னைவிட அதிகம். நான் அதே பாடசாலையில்தான் இருக்கிறேன். உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒரு பிள்ளைக்கு அப்பாவை வெறுக்கக் கற்றுக்கொடுத்தீர்கள், பிள்ளையும் நன்றாகக் கற்றுக்கொண்டது. என் மேல் உள்ள கோபம் வேறு. அது பற்றி உங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனி எந்த ஊரில், யார் முன்னால் கேட்டாலும், நீங்கள் யார் என்பதை மறைக்க மாட்டேன். அதற்காகத்தான் கீழே உங்கள் பெயரோடு சேர்த்து என் முழுப் பெயரையும் எழுதுகிறேன்.

உங்களை அடக்கம் செய்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மொனராகலையில் ஆட்டம் நடந்தது. இரும்பு ராஜாவுக்குப் பயந்து தொரை நாட்டை விட்டே ஓடிவிட்டார் என்று மைக்கில் அறிவித்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. செல்வம் மாமா இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார்.

உங்கள் ஒரே மகள்,
பழனியாண்டி சுகந்தி