அட்வான்ஸ் வாங்கியாச்சு

பிப்ரவரி 3, திங்கள்

மேசையில் டீ டம்ளர் வைக்கக்கூட இடமில்லை. ஒரு பக்கம் வீட்டுவசதி அலுவலகத்தின் தொலைபேசிக் கணக்கெடுப்பு. இன்னொரு பக்கம், நான் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு ஊரில், கறுப்பின வாடகைதாரர்களிடம் நாங்கள் எடுத்த பேட்டிகள். நடுவில் வீட்டுச் சொந்தக்காரர்களின் பேட்டிகள். மடியில் பத்திரிகையில் வந்த 'வாடகைக்கு' விளம்பரங்கள். நான்கும் நான்கு வெவ்வேறு ஊரைப் பற்றிப் பேசுவது போல இருக்கிறது.

கணக்கெடுப்பு சொல்கிறது: வாடகைக்கு விடுகிற வீடுகளுக்கு ஆள் வைத்துப் போன் செய்து பார்த்தோம், பேச்சையும் பேரையும் வைத்து யாருக்கும் பாரபட்சம் இல்லை, போன் செய்த எல்லோருக்கும் "வந்து பாருங்கள்" என்றுதான் பதில். வாடகைதாரர்கள் சொல்கிறார்கள்: கறுப்பாகப் பிறந்தவருக்கு இந்த ஊரில் நல்ல தெருவில் வீடு கிடைக்காது. சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்: நாங்கள் யாரையும் முடியாது என்று திருப்பி அனுப்பியதே இல்லை. விளம்பரங்களோ, 'நல்ல காற்று, அமைதியான தெரு' என்று பல்லைக் காட்டுகின்றன.

மாதக் கடைசியில் நகரசபை விசாரணை. நான் வேலை செய்யும் வாடகைதாரர் சங்கம் கொடுக்கப்போகிற ஒரு பக்க அறிக்கையை வைத்துத்தான் முடிவு. தெளிவாக எழுதினால் புதுச் சட்டம் வரலாம். குழப்பினால் கோப்பை மூடிவிடுவார்கள். எழுத வேண்டியவள் நான்.

சங்கத் தலைவர் எட்டிப் பார்த்தார். எந்த வாக்கியத்தையும் முடிக்காத மனிதர் என்பதால் அவருக்குக் கால்புள்ளி என்று பேர் வைத்திருக்கிறேன். "எழுதும்மா, ஆனா ரெண்டு பக்கமும் வர்ற மாதிரி, அதே சமயம் யாரும் நம்மள..." என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். சங்க ஆபீசுக்குக் கீழே சாவி செய்யும் கடை. நாள் முழுவதும் கிர்ர் கிர்ர் என்று அறுக்கிற சத்தம் வேறு.

பிப்ரவரி 5, புதன்

இன்று எழுதியதில் தேறியவை: 'ஒரு சிலர்', 'ஓரளவு', 'சில சமயங்களில்'. வழவழா கொழகொழா. கிழித்துப் போட்டேன்.

பிப்ரவரி 8, சனி

விடுமுறை. நான் குடியிருக்கும் வீட்டு மாடியில் பின் அறையில் இருந்த மாணவி காலி செய்துவிட்டுப் போனாள். வீட்டுக்கார அக்கா துடைப்பத்தோடு மேலே வந்து, "பேப்பர் விளம்பரத்துல உன் நம்பரைக் குடுத்துட்டேன். எவன் எவனோ எந்தெந்த பாஷையிலயோ பேசறான். உனக்குத்தான் எல்லாம் தண்ணியா வருதே, நீயே பேசிடு" என்றாள்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? போன வருஷம் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றித் துணியை மாற்றி மாற்றிப் போட்டவள். வாடகை தாமதமானால் முகம் மாறாதவள். நம் நாட்டில் இருந்த காலமெல்லாம் பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் உட்கார்ந்து, "டாக்டர் இல்லை" என்பதைக்கூட ஏதோ பரிசு கொடுப்பது போலச் சொல்லிப் பழகியவள்.

பக்கத்து வீட்டம்மா வந்ததும் அக்கா வழக்கம்போல, "இவ இங்க வந்த கதையைச் சொல்லும்மா" என்றாள். சொன்னேன். கொட்டுகிற மழை. அறை பார்க்க வந்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் வாசற்படிகளில் இறங்கி வந்தாள். "மேல போகாதீங்க, யாரோ அட்வான்ஸ் குடுத்துட்டாங்களாம்" என்றாள். என் குடை பூப்போல விரிந்து பின்பக்கம் மடங்கிவிட்டிருந்தது. மழை விடும்வரை ஒதுங்கலாமே என்றுதான் மேலே ஏறினேன். அக்கா கதவைத் திறந்து, "காலியாத்தான் இருக்கு, உள்ள வா, இப்படி நனைஞ்சிருக்கியே!" என்றாள். அந்தப் பெண் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டு உளறியிருக்கிறாள், என் அதிர்ஷ்டம்! எல்லோரும் சிரித்தோம். இந்தக் கதைக்கு எப்போதும் சிரிப்பு உத்தரவாதம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ரொட்டிக் கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் பேட்டி. கறுப்பினப் பெண். ஷிப்ட் முடிந்து கையில் மாவோடு வந்து உட்கார்ந்தாள்.

"யாரும் திட்டலை. திட்டியிருந்தா உங்களுக்கு எழுத வசதியா இருந்திருக்கும், இல்ல?" என்றாள். "சிரிச்சாங்க. ஒருத்தர் குடிக்கத் தண்ணிகூடக் குடுத்தாரு. ஐயோ, இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரே, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதான்னு அவரே வருத்தப்பட்டாரு. அடுத்த வாரம் அதே வழியா வேலைக்குப் போறேன், 'வாடகைக்கு' போர்டு அப்படியே தொங்குது."

நான் கேட்டேன் (ஏன் கேட்டேன்?): "ஒருவேளை அட்வான்ஸ் குடுத்தவர் திரும்ப வாங்கிட்டுப் போயிருக்கலாமே?"

அவள் கையிலிருந்த மாவைத் தட்டினாள். "ஒரு வீட்டுல அப்படி நடக்கலாம். நான் போன எல்லா வீட்டுலயுமா? பேட்டி முடிஞ்சுதா?"

முடிந்தது. வெட்கமாக இருக்கிறது. நடுநிலை என்று நினைத்துக்கொண்டு நான் அவளிடம் மட்டும்தான் சாட்சி கேட்கிறேன். சொந்தக்காரர்களிடம் ஒரு தரமாவது, "உண்மையாவே அட்வான்ஸ் வாங்கினீங்களா?" என்று கேட்டேனா? இல்லையே.

பிப்ரவரி 13, வியாழன்

கிடைத்துவிட்டது!

காகிதங்களை எல்லாம் தரையில் இறக்கினேன். இதுவரை அலுவலகம், வாடகைதாரர், சொந்தக்காரர், பத்திரிகை என்று ஆளுக்கொரு குவியலாக வைத்து, எது உண்மை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எது முதலில் நடக்கிறது, எது பிறகு என்று கேட்கவே இல்லை. இன்று வரிசையை மாற்றினேன். முதலில் போன்: எல்லோரையும் வரச் சொல்கிறார்கள், அதனால் கணக்கெடுப்பில் பாரபட்சம் தெரியவில்லை. பிறகு வாசல்: முகத்தைப் பார்த்ததும், அட்வான்ஸ் வாங்கியாச்சு. பிறகு அடுத்த வாரம்: அதே விளம்பரம் மறுபடியும் பத்திரிகையில். சொந்தக்காரர்களும் பொய் சொல்லவில்லையே! 'முடியாது' என்ற வார்த்தையை அவர்கள் சொல்லவே இல்லை. அதற்கு அவசியமே வரவில்லை.

நான்கும் சண்டை போடவில்லை. ஒரே கதையை ஆளுக்கொரு இடத்தில் நின்று சொல்கின்றன.

கால்புள்ளியை இழுத்து வந்து காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "சரிதாம்மா, பிரமாதம், ஆனா வாசல்ல நடந்ததுக்கு வெளியில நின்னவங்க வார்த்தை மட்டும்தானே இருக்கு, கதவுக்கு உள்ள இருந்த யாராவது ஒருத்தர் சொன்னாங்கன்னா..."

சொல்வார்களா? எந்தச் சொந்தக்காரர் சொல்வார்?

பிப்ரவரி 14, வெள்ளி

அன்று மழையில் கைக்குழந்தையோடு படியில் இறங்கி வந்தாளே, அவள்.

பிப்ரவரி 15, சனி

அவள் கறுப்பு. இத்தனை தடவை கதை சொல்லியிருக்கிறேன், குடை மடங்கியதைக்கூட நடித்துக் காட்டியிருக்கிறேன், அவள் நிறத்தை மட்டும் ஒரு தடவையும் சொன்னதில்லை. மறந்து போயிற்றா? இல்லை. கதைக்குத் தேவையில்லை என்று நானே விட்டிருக்கிறேன்.

அக்கா நல்லவள். இதை எழுதி வைத்துக்கொள்கிறேன். நாளைக்கு நானே மறுத்தாலும் இங்கே இருக்கட்டும். அக்கா நல்லவள். நான் படுத்துத் தூங்குகிற அறையை அந்தப் பெண்ணுக்கு அக்கா காட்டவே இல்லை.

அக்காவிடம் கேட்கலாமா? கேட்டு? ஆமாம் என்றால் என்ன செய்வேன்? இல்லை என்றால் நம்பிவிடுவேனா?

பிப்ரவரி 18, செவ்வாய்

போன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவராம், தங்கைக்காக அறை தேடுகிறார். நிதானமான குரல். "காலியாத்தான் இருக்கு, சனிக்கிழமை வந்து பாருங்க" என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இப்போது நானும் கணக்கெடுப்பில் ஒரு வரி.

பிப்ரவரி 22, சனி

இதை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு விட்டால் வழவழா கொழகொழா ஆக்கிவிடுவேன்.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கறுப்பினத்தவர். நான் கதவைத் திறந்தேன். பின்னால் சமையலறை வாசலில் அக்கா. என்னைப் பார்த்துக் கையை லேசாக ஆட்டினாள், ஈ ஓட்டுவது போல. பிறகு நம் பாஷையில், சிரித்த முகத்தோடு, "அட்வான்ஸ் வாங்கியாச்சுன்னு சொல்லிடும்மா" என்றாள்.

நான் அவரை மேலே கூட்டிப் போனேன். ஜன்னலைத் திறந்து பார்த்தார். கட்டில் போடுகிற இடத்தைச் சாணால் அளந்தார். "தங்கச்சிக்கு வெளிச்சம் வேணும், துணி தைப்பா" என்றார். கீழே வந்ததும் அக்கா அவர் பாஷையில் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு, "ஐயோ, இவகிட்ட சொல்ல மறந்துட்டேன் பாருங்க, காலையிலதான் ஒருத்தர் அட்வான்ஸ்..." என்றாள். அதே பல் டாக்டர் வரவேற்பறைக் குரல். அவர் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"யாரும் வரலை. ரூம் காலியாத்தான் இருக்கு" என்றேன், அவர் பாஷையில். பிறகு நம் பாஷையிலும் ஒரு தரம்.

"தெரியும்" என்றார் அவர். "நீங்க சொன்னதுக்கு நன்றி. ஆனா என் தங்கையை இங்க விட மாட்டேன்." போய்விட்டார்.

அக்காவின் முகம் வெளிறிப் போயிருந்தது. "நான் என்னிக்காவது ஒருத்தரைப் போன்னு சொல்லியிருக்கேனா? ஒரு வார்த்தை கடுமையாப் பேசியிருக்கேனா?"

"இல்லக்கா."

"தெருவுல நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு உனக்குத் தெரியுமா? அதுக்காகத்தானே பக்குவமாச் சொல்லி அனுப்பறேன்! என் வீட்டு வாசல்லயே வச்சு என்னை அசிங்கப்படுத்திட்டியே. சொந்தத் தங்கச்சி மாதிரி பார்த்தேனே உன்னை!"

"அதனாலதாங்க்கா..." என்று ஆரம்பித்தேன். அழுகைதான் வந்தது. ரெண்டு பேருக்கும்.

"அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள காலி பண்ணிடு" என்றாள். கதவைச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கீழே குக்கர் சத்தம். என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

அறிக்கை முடிந்தது. நான்கு ஆதாரங்களோடு ஐந்தாவதாக என்னையும் சேர்த்தேன். மழை, படி, கைக்குழந்தையோடு வந்த பெண், எனக்குத் திறந்த கதவு. வீட்டின் அடையாளம் எதுவும் இல்லை.

கால்புள்ளி நெளிந்தார். "ஆராய்ச்சி பண்றவளே சாட்சி சொன்னா, அது அவ்வளவு..."

"அந்த அறையில இருக்கிறது நான்தான் சார். என்னை விட்டுட்டு எழுதினா அறிக்கை பொய்." அவருக்கும் சேர்த்து நானே முற்றுப்புள்ளி வைத்தேன்.

ஆனால் அக்காவுக்குத் தெரியாமல் கொடுக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

நாளைக்கு விசாரணை. சாயங்காலம் அறிக்கையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அக்கா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே அந்தப் பத்தியைப் படித்தேன். முடித்த பிறகும் அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. ஒரே சட்டையையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"பேர் போட்டிருக்கியா?"

"இல்லக்கா."

"தெரு?"

"இல்ல."

கிளம்பலாம் என்று திரும்பினேன்.

"கைக்குழந்தைன்னு எழுதியிருக்கே."

"ஆமாக்கா."

"கைக்குழந்தை இல்ல. நடக்கிற புள்ளதான். ஷூ நனையக் கூடாதுன்னு அவ தூக்கி வச்சிருந்தா." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "மஞ்ச ஷூ. புதுசு. பாத்துக்கிட்டேதான் சொன்னேன், அட்வான்ஸ் வாங்கியாச்சுன்னு." பிறகு, "திருத்திக்கோ" என்றாள்.

"நீங்க சொன்னதா எழுதலாமாக்கா?"

அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். வாசல்வரை போன பிறகு பின்னாலிருந்து, "உள்ள இருந்தவ சொன்னான்னு எழுது" என்றாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

கோப்பை மூடவில்லை. அடுத்த அமர்வில் சொந்தக்காரர்களையும் வரவழைப்பார்களாம். ஒரு உறுப்பினர் அந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்தார். மஞ்சள் ஷூ வந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொட்டிக் கடைப் பெண் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலி செய்தாயிற்று. இப்போதைக்குத் தோழி வீட்டு சோபா. பெட்டியின் ஒரு பக்கத்தை அக்கா பிடித்துக்கொண்டாள், படிவரை.

மார்ச் 13, வியாழன்

மதியம் போன். பேப்பரில் பார்த்தாராம், மாடியில் ரெண்டு அறை காலியாமே என்று ஒரு பெண் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விளம்பரத்தில் இன்னும் என் நம்பர்தான். அக்கா மாற்றவில்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா?

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். "ஒருத்தங்க ரூம் கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

"யாருன்னு..." என்று ஆரம்பித்து அக்கா நிறுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சனிக்கிழமை வரச் சொல்லு" என்றாள்.

போனில் எல்லோருக்கும் அதுதான் பதில்.

"நானும் வரட்டுமாக்கா?"

"வாசல் திறந்துதான் இருக்கும்" என்றாள்.

சனிக்கிழமை போகிறேன். அந்தப் பெண் வருவதற்கு முன்பே போய் வாசலில் நிற்க வேண்டும்.